தலைவர் எங்கே உட்கார வேண்டும்?

சில மாதங்களுக்கு முன்பு பெரம்பலூரில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினேன். யாருக்கு? தலைவர்களுக்கு!

பதறாதீர்கள். கட்சித் தலைவர்கள் இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்காக மாலை வகுப்பு நடத்துகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும், அந்தப் பக்கமே போகாதவர்களும் வந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்த ஓர் ஆலோசனைக் குழு. சம்பளம் கிடையாது. வகுப்பு எப்படி நடக்கிறது, எதை மாற்றினால் நல்லது என்று யோசனை சொல்வது அவர்கள் வேலை. அந்தக் குழுக்களின் தலைவர்களுக்குத்தான் பயிற்சி.

எனக்கு என்ன தகுதி என்கிறீர்களா? மைக்கைக் கொடுத்தால் நிறுத்தாமல் பேசுவேன். அதைத் தகுதி என்று யாரோ நம்பிவிட்டார்கள்.

காலையில் நன்றாகத்தான் பேசினேன். "தலைவர்னா உத்தரவு போடுறவர் இல்லை... மத்தவங்களைப் பேச வைக்கிறவர்!" கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த கலியபெருமாள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். எறையூர்க் குழுவின் தலைவர். கரும்பு விவசாயி. அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் அவருடைய மருமகள் சுகன்யா. எறையூர் வகுப்பில் பாடம் நடத்துவது அந்தப் பெண்தான்.

பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ரோல் பிளே ஆசை வந்தது.

"வகுப்புக்கு வந்துகிட்டிருந்த ஒரு பெண் திடீர்னு நின்னுட்டாங்க. தலைவர் போய் விசாரிக்கிறார். யார் நடிச்சுக் காட்டுறீங்க?"

தலைவராக நடிக்கக் கலியபெருமாள் எழுந்தார். நின்றுபோன பெண்ணாக மும்தாஜ். லப்பைக்குடிக்காட்டுக் குழுவின் தலைவி. கணவர் துபாயில். பளிச் பளிச்சென்று பேசுகிற பெண்.

"ஏம்மா கிளாசுக்கு வரல?" என்றார் கலியபெருமாள், நிஜமாகவே அதட்டும் குரலில்.

"எப்படிங்க வர்றது? தலைவர் நீங்க பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு எங்களையே பாக்குறீங்க. தப்புத் தப்பா எழுத்துக் கூட்டறதை உங்க முன்னாடி எப்படிங்க செய்யிறது? வெக்கமா இருக்காதா?"

அரங்கம் சிரித்தது. கலியபெருமாள் சிரிக்கவில்லை. சுகன்யா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. எறையூரில் தினமும் அப்படியேதான் நடக்கிறதாம்! வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை கலியபெருமாள் பின்னால் நாற்காலியில் இருப்பாராம். தலைவர் என்றால் கூடவே இருக்க வேண்டாமா என்பது அவர் எண்ணம். கூச்சப்பட்டுச் சில பெண்கள் நின்றும் போய்விட்டார்களாம். மும்தாஜுக்கு இது தெரியவே தெரியாது. "எங்க ஊர்ல ஒருத்தர் முதல்ல அப்படி உக்காந்தாருங்க. அதை நெனச்சுச் சொன்னேன். அல்லாவே, இவரைச் சொல்லலைங்க!" என்று என்னிடம் கையைப் பிசைந்தார்.

கலியபெருமாள் மருமகள் பக்கம் திரும்பினார். நாடகம் முடிந்துவிட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"நான் தொந்தரவாம்மா?"

சுகன்யா நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டார்.

சுகன்யா என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் சார். மாமனார்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னிக்கி மும்தாஜ் அக்கா சொல்லிட்டாங்க. நல்லதா கெட்டதான்னு தெரியல சார்."

எனக்கும்தான் தெரியவில்லை. இருந்தாலும், நல்லதுதான் என்றேன். பயிற்சியாளர் அப்படித்தானே சொல்ல வேண்டும்?

சில வாரம் கழித்து அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து போன். "சார், எறையூர்ல தலைவர் இப்ப வர்றதே இல்ல." அப்பாடா, என் பயிற்சி வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாக்கியம் வந்தது. "கிளாசுக்கும் யாரும் வர்றதில்ல சார். இப்படியே போனா சென்டரை வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

அவர் இருந்ததால் பெண்கள் வரவில்லை என்றால், அவர் போன பிறகு வர வேண்டும் அல்லவா? இது என்ன கணக்கு?

மனசு கேட்கவில்லை. திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து எறையூருக்கு இன்னொரு பஸ். ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களின் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு நடக்கிற கட்டடத்தில் குழுவைக் கூட்டியிருந்தாள் சுகன்யா. படிக்க வந்துகொண்டிருந்த பெண்களும் வந்திருந்தார்கள். கலியபெருமாள் வந்தார். என்னைப் பார்த்து, "வாங்க" என்று ஒரு சொல். மூலையில் போய் நின்றுகொண்டார். உட்காரவில்லை.

நான் தொண்டையைச் செருமினேன். "ஆலோசனைக் குழுன்னா என்னன்னா..."

"செத்த இருங்க சார்" என்றார் அஞ்சலை. கரும்பு வெட்டப் போகிற பெண். வகுப்பில் கையெழுத்துப் போடும் அளவுக்குப் பழகியிருந்தவர். "மாமா உள்ள உக்காந்திருந்தா எங்களுக்கு வாய் வரல. அது நெசம். அவரு இல்லைன்னா எங்க வூட்டுல அனுப்ப மாட்டேங்கிறாங்க. 'பெரிய மனுசன் ஒருத்தர் இருந்தாரு, போனே. இப்ப அங்க யாரு இருக்கா?'ன்னு கேக்குறாரு எங்க வூட்டுக்காரரு. நாங்க என்ன செய்ய?"

மற்ற பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எல்லா வீட்டிலும் அதே கேள்விதான்.

அட ராமா! மேடையில் நின்று எவ்வளவு தெளிவாகப் பேசினேன்... அந்த நாற்காலி பெண்களை விரட்டிக்கொண்டும் இருந்திருக்கிறது, வரவழைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது!

கலியபெருமாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இருந்தா தப்புங்கிறீங்க. இல்லாட்டியும் தப்புங்கிறீங்க. நான் என்னதான் செய்யட்டும்? தலைவரே வேணாம்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையிலிருந்த பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்போது சுகன்யா எழுந்தாள். மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே போட்டாள். முதுகு வகுப்புப் பக்கம், முகம் ரோட்டுப் பக்கம்.

"இங்க உக்காருங்க மாமா. நீங்க இருக்கீங்கன்னு ஊருக்குத் தெரியணும். எழுத்துக் கூட்டுறப்ப இவங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியக்கூடாது."

கலியபெருமாள் நாற்காலியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெண் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்.

"வாட்ச்மேன் வேலையாம்மா?"

"தலைவர் வேலை மாமா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல வெளியே போய் உட்கார்ந்தார். ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர், "என்ன மாமா, கிளாஸ் உண்டா இன்னிக்கி?" என்று கேட்க, "உண்டு உண்டு, உம் பொண்டாட்டிய அனுப்பு!" என்று அவர் அதட்டியது உள்ளே கேட்டது. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் சொல்லிக்கொடுத்தது சரியா, தவறா? அன்று ரோல் பிளே நடத்தாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் சாப்பிடாமல் போயிருக்க மாட்டார். சுகன்யாவும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். எதை எதில் கழிப்பது? திருச்சி வந்ததுதான் மிச்சம். விடை வரவில்லை.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. ஒரு ஊரில் ஒரு மனிதர் எந்த இடத்தில் உட்கார்ந்தால் சரியாக இருக்கும் என்பதை அந்த ஊர்தான் சொல்ல முடியும். பெரம்பலூர் மேடையிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

நேற்று சுகன்யா போன் செய்தாள். பெண்கள் மறுபடி வருகிறார்களாம். அஞ்சலை இப்போது பஸ் போர்டு படிக்கிறாராம். ஆனால் புதுசாக ஒரு தொல்லை. வாசலில் கலியபெருமாளுக்குத் துணையாக அவர் சேக்காளிகள் வந்து உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் உள்ளே பாடம் காதில் விழவில்லை.

"ஐயோ... நான் வேணா கிளம்பி வரட்டுமா?" என்றேன்.

"வேணாம் சார். மாமாவே கூட்டம் போட்டிருக்காரு. நாங்களே பேசிக்கிறோம்" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்படியானால்... என் பயிற்சி வெற்றியா, தோல்வியா?