சோணையம்மாள் காட்டிய இடம்

சோணையம்மாளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வந்து எதைக் கேட்டாலும் இருப்பதில் நல்லதைத்தான் எடுத்து நீட்டுவாள். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

நாகமலைக்கு மேற்கே கிடக்கும் புல்வெளியில் இருபத்தைந்து வருடமாகச் செம்மறி மேய்க்கிறவள் அவள். மூன்று வருடத்துக்கு முன் மதுரையிலிருந்து மரம் நடுகிற கூட்டம் ஒன்று வந்தது. அதன் தலைவர் அசோக்குமார் தங்கமான மனுஷன். "வெறும் பொட்டலாக் கெடக்கேம்மா, எந்தப் பக்கம் மண்ணு நல்லாருக்கும்?" என்று கேட்டார். வேறு எவளாவது என்றால் கல்லாங்குத்தைக் கைகாட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளோ, வருடாவருடம் ஆடுகளைக் கிடை அடைத்து உரமேற்றிய இடத்தை, கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிற இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டினாள். நம்பிக் கேட்டவருக்கு மட்டமானதையா காட்டுவது?

நானூறு குழி வெட்டினார்கள். கம்பி வேலி போட்டார்கள். ஆடு உள்ளே வரக்கூடாது என்றார்கள். பதிலுக்கு, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். பாதி ஆட்டை விற்றாள். மீதிப் பதினெட்டும் வேலிக்கு வெளியே கல்லை முகர்ந்துகொண்டு திரிந்தன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. மரம் வைப்பது புண்ணியமாயிற்றே.

போன வாரம் கே.கே. நகரிலிருந்து பவதாரிணி என்றொரு பெண் நோட்டும் பைனாகுலருமாக வந்தாள். புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளாம். வேலிக்குள் எட்டிப் பார்த்ததுமே அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, இங்க மரமே வைக்கக் கூடாதுக்கா. நிழல் விழுந்தா இந்தப் புல்லு செத்துரும். வானம்பாடி தரையில முட்டை வைக்கிற எடம் இது."

"மரம் வச்சா மழ வரும்னாக. நீ வைக்கவே கூடாதுங்குற. நான் யாரு பேச்சக் கேக்குறது தாயி?"

"மரம் நல்லதுதான். இந்த எடத்துக்கு நல்லதில்ல."

சோணையம்மாளுக்குத் தலை சுற்றியது. அங்கே நல்லது இங்கே எப்படிக் கெட்டதாகும்? வீட்டில் புருஷன் சின்னானிடம் கேட்டாள். "படிச்சவுகளே ஆளுக்கொண்ணு சொல்றாக. நீ பேசாமத் தண்ணிய ஊத்து" என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனுக்கென்ன தெரியும்.

நேற்று பவதாரிணி ஒரு மனுவோடு வந்தாள். கன்றுகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியிருந்தாள். ஆடு மேய்ப்பவர் ஒருவராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் வேலை போகும், போடாவிட்டால் புல் போகும்.

"வெவரமே இல்லாத யாரோதான் இந்த எடத்தக் காட்டியிருக்கணும். யாருன்னு தெரியுமாக்கா?"

சோணையம்மாளுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நாந்தேன்" என்றாள். மனுவை வாங்கிக் கோணல்மாணலாகப் பெயரை எழுதினாள். பிறகு கேட்டாள்:

"கையெழுத்துப் போட்டாச்சு. இதுக்குப் பதிலு வார வரைக்கும் கன்னுகளுக்குத் தண்ணி ஊத்தவா, வேணாமா?"

பவதாரிணி வேலிக்குள் பார்த்தாள். நானூறும் தளிர் விட்டிருந்தன.

"தெரியலக்கா" என்றாள்.