ஸ்டியரிங்கை ஒடித்தால் வரும் சத்தம்

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கோடை விடுமுறையில் கார் ஓட்டப் பழகினேன். திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுப் பள்ளிக்கு நானே ஓட்டிப் போய், வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு இறங்கும்போது என் நடையே மாறியிருந்தது. எல்லாம் இரண்டு மாதம்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரத்துக்குள் 'டக் டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது.

"நீ ஒடிக்கிற ஒடிப்புக்கு வேற என்ன வரும்? ஆக்ஸிலையே முறிச்சிருப்ப" என்றார் என் கணவர்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று உள்ளுக்குள் நானும் அதை நம்பினேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். இந்த வயதில் இந்த ஆசை தேவையா என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறையில்தான் இருவரும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், செத்த இங்க வாங்க."

சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலின் முனையில் இருக்கும் ஜாயிண்டை மூடி, கிரீஸ் வெளியே போகாமல் காக்க, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை உண்டு. பூட் என்கிறார்கள். அது கிழிந்திருந்தது. கிழிசல் மேல் யாரோ கறுப்பு ரப்பர் பட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதுவும் தளர்ந்து தொங்கியது.

"சைக்கிள் டியூப்பு! எந்தப் புண்ணியவான் கட்டுனதோ. கிரீஸ் அம்புட்டும் வெளிய, மண்ணு அம்புட்டும் உள்ள."

பட்டையில் ஒரு சிவப்புப் பஞ்சர் ஒட்டு. என் பழைய சைக்கிளின் டியூப்தான். போன பொங்கலுக்கு முன், "ஒரு சின்ன வேலை" என்று கணவர் அதை வெட்ட வந்தபோது கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே நான். அப்போது நான் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. கண் கலங்கியதற்கு டீசல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். கணவர் எதிர்க்கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"மறந்தே போச்சு" என்றார் மெல்ல. மறந்திருக்கவும் கூடும்.

மெக்கானிக் ஆக்ஸிலை உருவி, ஜாயிண்டைத் தட்டிக் கழற்றி, டீசலில் கழுவினார். உள்ளிருந்த இரும்புக் குண்டுகளில் குழி விழுந்திருந்ததால் புது ஜாயிண்ட் போட்டார். மறுபக்க ஜாயிண்ட் தேயவில்லை. அதைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, ரப்பர் உறையை மட்டும் மாற்றினார்.

வேலை முடிந்ததும் சாவியை வழக்கம்போல் என் கணவரிடம்தான் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கணவர் சுற்றிப்போய் இடப்பக்கம் உட்கார்ந்தார். பட்டறைச் சந்தில் வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். சத்தம் இல்லை. வேண்டுமென்றே எதிர்ப்பக்கமும் ஒடித்தேன்.

"மெதுவா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த டியூப் பட்டையை மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்தேன். கார் சாவி மாட்டும் ஆணியில் இப்போது அதுதான் தொங்குகிறது. சாவி பெரும்பாலும் என் கைப்பையில் இருக்கிறது.