குளத்து மீனுக்குப் பொரி காட்டும் வழக்கம் வந்த விதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். எழுத உட்காருவேன், இரண்டு வரிக்கு மேல் போகாது, காகிதத்தை மடித்துச் சுவாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு எழுந்துவிடுவேன். நாலாவது பாரம் வரைக்கும்தான் என் படிப்பு. மாம்பலத்தில் புது வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல், சுண்ணாம்பு அனுப்புகிற கிடங்கில் வேலை பார்த்தவன். எழுத்து என்றால் வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்புகிற சீட்டோடு சரி. ஆனாலும் தயங்கினதற்குக் காரணம் படிப்பு இல்லை. மயிலாப்பூரில் எங்கள் தெரு முனையில் உள்ள சின்னக் கோயிலுக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொள்கிறார்கள். நடக்காத கதை. ஆனால் கேட்க நன்றாக இருக்கும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் கோயில் குளத்தில் இப்போது யாரும் மீனுக்குப் பொரி போடுவதில்லை. படியில் இறங்கி, கை நிறையப் பொரியை எடுத்துத் தண்ணீருக்கு நேரே காட்டிக் கும்பிடுகிறார்கள். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். இதென்ன வழக்கம் என்று வெளியூர்க்காரர் கேட்டால், "இந்தத் தெருவுல ஒருத்தர் இருக்கார். அவரு சம்சாரம் செத்துப்போய் மீனா வந்து கனவுல சொன்னாங்க" என்று பதில் வரும். அந்த ஒருத்தர் நான்தான். நடந்தது வேறு.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரி தினம் விடிந்ததும் குளித்துவிட்டு, கோயில் வாசலில் பொரி வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போவாள். கெண்டை மீன்கள் அவள் நிழல் விழுந்ததுமே படிக்கு வந்துவிடும். "பசங்க வந்துட்டாங்க" என்பாள். திரும்பி வந்து எது பெரியது, எது சண்டைக்காரன், எதன் வாலில் வெட்டு இருக்கிறது என்று சமையல் முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் "ம்" கொட்டுவேன். பாதி காதில் விழாது.

ஒரு தை மாசம் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. கடைசியாகத் தெளிவாகப் பேசினது இதைத்தான்: "ஏங்க, நான் போகலேன்னா அதுங்க படியண்டையே காத்துக்கிட்டு இருக்கும். பொரி போடறத மட்டும் விட்டுடாதீங்க."

விடவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாளே போனேன். சொந்தக்காரர்கள் ஊருக்குப் புறப்பட்டுப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. கிடங்குக்குக் கிளம்பும்போது பழக்க தோஷத்தில் "கதவைத் தாழ் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து நானே பூட்டுவேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க அளவு தெரியாமல் மிஞ்சிப்போகும். காலையில் குளத்தங்கரையில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்கிற எண்ணம் வரும். மீன்கள் என்னையும் அடையாளம் கண்டுகொண்டன. வால் வெட்டுப்பட்டதை நானும் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

அந்த வருஷம் வெயில் கடுமை. மாம்பலம் பக்கம் ஏரியைத் தூர்த்து வீடுகள் வந்தபோது, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயும் தூர்ந்துபோயிருந்தது. தண்ணீர் படிப்படியாக இறங்கிப் பச்சையாகிவிட்டது. சித்திரையில் மீன்களுக்கு உடம்பில் செக்கச் செவேலென்று புண் வந்தது. காலை வேளையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் ஒன்று இரண்டாக வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பித்தன.

தெரு முழுக்கப் பயந்துவிட்டது. குளத்துக்குத் திருஷ்டி என்றார்கள். அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றார்கள். ஆளாளுக்கு வேண்டிக்கொண்டு வெல்லம் கொண்டுவந்து கரைத்தார்கள். மஞ்சள் பொடி போட்டார்கள். மீன் வாயைத் திறப்பதைப் பார்த்துப் பசி என்று நினைத்து, கூடை கூடையாகப் பொரி கொட்டினார்கள். நானும் இரட்டைப் பங்கு போட்டேன். அவை என் வீட்டுக்காரியின் பிள்ளைகள். என் பொறுப்பில் விட்டுப்போனவை. ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா?

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். பெண்கள் காலேஜில் பிராணிகளைப் பற்றிய பாடம் சொல்லிக்கொடுப்பவர். அடையாறு கடலில் சேருகிற இடத்தில் மணல் மூடிக்கொண்டால் உள்ளே இருக்கிற மீன்கள் ஏன் சாகின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாராம். குளத்துச் செய்தி கேட்டு, தர்மகர்த்தாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சேலைக் கரையில் சேறு காய்ந்திருக்கும். கையில் கண்ணாடிச் சீசாக்கள் வைத்த மரப்பெட்டி.

பொரிக்காரம்மா சும்மா இருப்பாளா? கோயில் வாசலில் இருந்தே கத்தினாள்.

"இன்னாமா டீச்சர், சாமி கொளத்துல சீசாவுல தண்ணி புடிச்சிக்கினு கீற? மருந்து கடை வெக்கப் போறியா?"

"ஆமாம்மா, மீனுக்குத்தான் மருந்து. உன்கிட்டயும் ஒரு படி விக்கக் குடுக்கறேன்" என்றார் அந்த அம்மாள். பொரிக்காரம்மா சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் இல்லை.

விடிந்ததும் குளத்துக்கு முதலில் வருகிற ஆள் நான் என்பதால் என்னிடம்தான் பேச்சுக் கொடுத்தார். சீசாவைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் மூடித் தரச் சொன்னார். தரையில் உட்கார்ந்து இரண்டு மருந்தைச் சில சொட்டு விட்டார். பால் திரிந்த மாதிரி வெள்ளையாக என்னவோ அடியில் இறங்கியது.

"ஐயா, தண்ணியிலயும் காத்து கலந்திருக்கும். அதைத்தான் மீன் செவுள் வழியா இழுக்குது. காத்து இருந்தா இந்த வண்டல் பழுப்பா மாறணும். பாருங்க, வெள்ளையாவே நிக்குது."

"அப்போ வாயைத் திறக்கறது பசியில இல்லையாம்மா?"

"மூச்சு முட்டுதுங்க. மூச்சு முட்டின உடம்புல புண்ணும் சீக்கிரம் வரும்."

மீன் தின்றது போக மிஞ்சின பொரியும் வெல்லமும் அடியில் அழுகி, தண்ணீரில் இருக்கிற காற்றை எல்லாம் தின்றுவிடுகின்றன என்றார். மழை பெய்து குளம் நிறைகிற வரைக்கும் யாரும் எதுவும் போடக்கூடாது. நான் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் சம்சாரம் சாகும்போது சொன்ன வார்த்தைம்மா இது. உங்க சீசாவுக்காக அதை மீற முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் சீசாக்களைப் பெட்டியில் அடுக்கினார். மூடியைப் போட்டுவிட்டு, "உங்க வீட்டு முற்றத்துல ரெண்டு பானை வைக்க இடம் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கொடுத்தேன். இரண்டு பெரிய பானையிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் கெண்டைக் குஞ்சுகள். ஒன்றில் மட்டும் ஊறின பொரி கை கொள்ளும் அளவு, கூடவே கொஞ்சம் வெல்லம். "ரெண்டு நாள் தொடாம வச்சிருங்க. நானே வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் துணை இருந்த மாதிரி இருந்தது. சாப்பிடும்போது முற்றத்தில் 'சளக்' என்று ஒரு சத்தம் வரும். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பானைப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வேன். கிடங்கில் நடந்ததைக்கூடச் சொன்னேன் என்றால் சிரிப்பீர்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்து பார்த்தேன். வெறும் தண்ணீர்ப் பானையில் குஞ்சுகள் அடியில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பொரிப் பானையில் எல்லாம் மேலே வந்து, குளத்தில் பார்த்த அதே மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று சாய்ந்துவிட்டது. அவர் தொடாதே என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டில், என் கண் முன்னால் ஒரு உயிர் போகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சொம்பால் மொண்டு மொண்டு எல்லாவற்றையும் நல்ல தண்ணீர்ப் பானைக்கு மாற்றிவிட்டேன்.

அந்த அம்மாள் பெட்டியோடு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, எல்லாத்தையும் கலந்துட்டீங்களே! எதை அளக்கறது நான்? எதை எழுதறது?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. எல்லாம் மேல வந்து வாயைத் திறந்துச்சுங்க. பொரி போட்ட பானையில மட்டும்தான்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சரி. இதை என் பரிசோதனையில எழுத முடியாது. இருக்கட்டும், பானையை நான் வேற இடத்துல திரும்ப வச்சுப் பார்த்துக்கறேன்."

அவர் போன பிறகு வெகு நேரம் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தேன். போட்டால் மீன் சாகும். போடாவிட்டால் அவளுக்குக் கொடுத்த வார்த்தை சாகும். யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவளே இல்லை.

கடைசியில் குருக்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சீசா, வெள்ளை வண்டல், பானை, ஒன்றும் விடவில்லை. அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ஏன் ஓய், சுவாமிக்கு நைவேத்தியம் பண்றோமே, அவர் வாயில ஊட்டியா விடறோம்? காட்டறோம். அவர் பார்த்தாலே ஏத்துண்டாச்சு. அப்புறம் நாமதானே சாப்பிடறோம்? மீனுக்கும் காட்டிட்டு எடுத்துண்டு போமேன். உம்ம ஆத்துக்காரி கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

இவ்வளவுதான். இதுதான் அந்த வழக்கம் பிறந்த விதம்.

மறுநாள் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். மீன்கள் வந்தன. கையை நீட்டிக் காட்டினேன். எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. "உங்கம்மா குடுத்தது. பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டில் முடிந்துகொண்டு மேலே ஏறினேன்.

"இன்னா நைனா, வாங்கிக்கினு போயிட்டு, திரும்ப எட்த்துக்கினு வர? அக்கா பார்த்தா சிரிக்கும்" என்றாள் பொரிக்காரம்மா.

காரணத்தைச் சொன்னேன். முதலில் தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று நினைத்து என்னையும் டீச்சரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். வாங்குவது நிற்காது, கொட்டுவதுதான் நிற்கும் என்று புரிந்த பிறகு அவளே எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள். "யம்மா, காட்டு, கொட்டாத! மீனு மூச்சு வுடட்டும்! வூட்டுக்கு எட்த்துக்கினு போ, புள்ள துன்னும்!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் தெருவே திருந்தியது. என் புண்ணியம் ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் வீட்டில் பிள்ளைகள் தின்றன. நான் என் பொரியைச் சமையலறையில் உட்கார்ந்து தனியாகத் தின்றேன். மெல்லுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

சாவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஐப்பசி மழையில் குளம் ஏறியது. அந்த அம்மாள் ஒரு காலையில் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். நல்ல பழுப்பு, பனை வெல்லத்தின் நிறம். சின்னப் பெண் மாதிரி சிரித்தார். நான் வேகமாக வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்ததுமே, "பழுப்பா வந்துடுச்சு!" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அன்றைக்கு அழுத மாதிரி அவள் போன அன்றுகூட நான் அழவில்லை.

இன்னொன்றும் நடந்தது. புண் ஆறி, மூச்சு வந்த மீன்கள் மேலே வருவதை விட்டுவிட்டன. காட்டுகிற கையில் இருந்து ஒன்றும் விழாது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. என் நிழல் விழுந்தாலும் வருவதில்லை. ஆழத்தில் எங்கேயோ நன்றாக இருந்தன. வால் வெட்டுப்பட்டது பிழைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. நான் தினமும் போய் வெறும் தண்ணீருக்குக் காட்டிவிட்டு வந்தேன். இப்போதும் போகிறேன்.

அந்த அம்மாளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. குருக்கள் சிவபதவி அடைந்துவிட்டார். பொரிக்காரம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள். சீசாவை எல்லாரும் மறந்தார்கள். எப்போது கனவுக் கதை வந்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. புதிதாக வந்த ஒரு பெண் ஒரு நாள் என் காலில் விழுந்து, "அக்கா கனவுல எந்தப் புடவையில வந்தாங்க?" என்று கேட்டாள். நான் பேசாமல் வந்துவிட்டேன்.

இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. போன மாசம் அடுத்த தெரு அம்மாள் ஒருவருக்கு வேறு கனவு வந்ததாம். மீன்கள் பட்டினி கிடக்கின்றன, வெல்லம் கரைத்துப் பொரி கொட்ட வேண்டும் என்று உத்தரவாம். இந்த வருஷமும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கனவால் வந்த வழக்கம் என்றால், இன்னொரு கனவால் போகத்தானே செய்யும்?

அதனால் எழுதுகிறேன். என் சம்சாரம் என் கனவில் வரவில்லை. மீனாகவும் வரவில்லை, மனுஷியாகவும் வரவில்லை. இத்தனை வருஷமாகப் படுக்கும்போதெல்லாம் அம்மனைக் கும்பிட்டு, ஒரே ஒரு தடவை அனுப்பு தாயே என்று கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். வந்தாள் என்று ஊர் சொல்லும்போது மறுக்காமல் இருந்தால், வந்த மாதிரியாவது இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

படிக்கிறவர்கள் தயவு செய்து குளத்துக்கு வருகிற நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சீசாவில் வெள்ளையாக நின்றது பழுப்பானது, இரண்டு பானை, குருக்கள் சொன்ன வார்த்தை, பொரிக்காரம்மா போட்ட சத்தம், இவ்வளவும் இருக்கட்டும். சொல்லுகிற ருசிக்காக ஒரு கனவை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.