ஹவுளில் போடாத தூள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் கிண்ணியாப் பக்கம் கொலரா வந்தது. எங்கள் குறிஞ்சாக்கேணியில் இரண்டு வீடுகளில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்தக் கிழமைதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு டின்னைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். ஊரில் அவரைப் பி.எச்.ஐ. ஐயா என்போம். திருகோணமலை நகரத்துக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைக் கண்டதில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார்.

டின்னுக்குள் இருந்தது குளோரின் தூள். அதை என்னிடம் தரக் காரணம், பள்ளிவாசல் ஹவுளை நிரப்புகிறவன் நான் என்பதுதான். தொழுகைக்கு முன் எல்லோரும் கைகால் கழுவி வுழூ எடுக்கும் பெரிய சீமெந்துத் தொட்டி அது. எனக்குத் தொழில் சைக்கிள் திருத்துவது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வாப்பா மௌத்தான வருடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன் கிணற்றில் இறைத்து ஹவுளை நிரப்பி வந்தேன். அதன் நன்மை மண்ணுக்குள் போன அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று நானாக ஏற்றுக்கொண்ட வேலை.

வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி தூளைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை ஹவுளில் ஊற்றச் சொன்னார் பி.எச்.ஐ. வுழூவில் வாய் கொப்பளிக்கிறோம், மூக்குக்குத் தண்ணீர் விடுகிறோம். கொலரா பிடித்த ஒரு வருத்தக்காரர் கையை விட்டால் அடுத்தவர் வாய்க்குள் அது போய்விடும் என்று விளங்கப்படுத்தினார். விளங்காமல் இல்லை. முதல் நாள் அவர் சொன்னபடியே செய்தேன்.

பின்நேர அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் முகத்தைச் சுழித்தார்கள். என் மனைவியின் தம்பி, என் மச்சான், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "மச்சான், தொழ வந்தமா, வார்ட்டுல படுக்க வந்தமா?" என்று கேட்டான். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் மனப்பாடமாக்கியது நினைவில் வந்து நின்றது. நிறம், ருசி, வாசனை மாறிய தண்ணீர் வுழூவுக்கு ஆகாது. இந்தத் தண்ணீரில் வாசனை மாறித்தானே இருக்கிறது? அப்படியென்றால் என் தொழுகை? என்னை நம்பி அதில் கை நனைத்த அத்தனை பேருடைய தொழுகை?

வீட்டுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் வுழூ எடுத்து, அஸரை மீண்டும் தொழுதேன். பொழுதுபட்டு மஃரிபையும் அப்படியே இரண்டு தரம் தொழுதேன். இரண்டாம் நாளும் இதே பாடு. எந்தத் தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடியும் ஒட்டுப் போட்டேன். பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பையிடம் கேட்டிருக்கலாம். மூதூரிலிருந்து வந்த லெப்பை என்னைவிட இளையவர், யார் போய்க் கேட்டாலும் முகம் கொடுத்துக் கதைப்பவர். ஆனால் கேட்கப் பயந்தேன். ஆகாது என்று அவர் சொன்னால் ஊருக்குள் நோய் பரவும். ஆகும் என்று சொன்னால் என் நெஞ்சு ஒப்புமா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் தூளைப் போடவில்லை. இரண்டு கரண்டி அள்ளிக் கிணற்றடி மணலில் புதைத்தேன். டின் குறைய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தேன். அல்லாஹ்வின் வீட்டுத் தண்ணீரை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அது ஈமான், இறைநம்பிக்கை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஈமான் உள்ளவன் எதற்காக மணலை மூடிக் காலால் மிதித்துவிட வேண்டும்?

மணம் போனதும் எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு அது வரவில்லை. இப்போது தொழுகை ஒருதரம்தான், ஆனால் யாராவது இருமினாலும் திரும்பிப் பார்த்தேன். ஹவுளடியில் யார் யார் வாய் கொப்பளிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் தூளை நிறுத்தி ஆறாம் நாள் பி.எச்.ஐ. வந்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஹவுள் தண்ணீரை எடுத்து ஒரு மருந்தைச் சொட்டவிட்டார். குளோரின் இருந்தால் மஞ்சள் காட்ட வேண்டுமாம். தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.

"காக்கா, தூள் போட்டனீங்கள்தானே?"

"ஓம், போட்டனான்."

பள்ளிவாசல் வளவுக்குள், வுழூவோடு நின்று சொன்னேன். அவர் டின்னைத் தூக்கிப் பார்த்தார். பாதியாகியிருந்தது. என்னைச் சந்தேகப்படவே இல்லை. வெக்கைக்குத் தூள் பழுதாகியிருக்கும், தந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வெயிலில் சைக்கிளை மிதித்துத் துறைக்குப் போனார். நான் சொன்ன பொய்யை அந்த மனிதர் நகரம்வரை கொண்டுபோகிறாரே என்று நினைத்தேன். கூப்பிடவேண்டும் போலிருந்தது. கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் மச்சான் விழுந்தான். காலையில் வயிற்றால் போகத் தொடங்கி, லுஹருக்குள் கண் உள்ளே போய்விட்டது. மாமியும் என் மனைவியும் அவனைக் காரில் ஏற்றி, வாகனங்களை ஏற்றிக் கரை கடத்தும் 'பாதை' என்ற மிதவையில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் துறையில் நின்று பார்த்தேன். பாதை ஆடி ஆடிப் போனது. கூட ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

அங்கிருந்து நேரே லெப்பையிடம் போனேன். மணலில் புதைத்தது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"ஒங்களுக்குப் பாடமிரிக்கிறது பாதிதான் காக்கா. கொஞ்சம் மணம் மாறினதால தண்ணி கெட்டுப்போகாது. தண்ணி எண்டு சொல்ற பேர் போகாத மட்டும் அது தண்ணிதான். பி.எச்.ஐ. ஐயா முதல்ல என்னட்டத்தான் வந்து கேட்டார். நான் மார்க்கக் கிதாபப் பாத்துச் சொன்ன பொறவுதான் டின்ன ஒங்கட்டத் தந்தார்."

அவர்கள் இருவரும் தேநீர்க் கடையில் வாங்குப் பலகையில் இருந்து கதைத்ததை நானே கண்டிருக்கிறேன். வேறு கதை என்று நினைத்திருந்தேன்.

"ஏன் எல்லாருக்கும் சொல்லல்ல?" என்று கேட்டேன். அது என் பக்கத்து நியாயம் போல எனக்குப் பட்டது.

"அது என்ட பிழை," என்றார் லெப்பை. "ஆனா பொய் ஒங்கடது. வாங்க, போவம்."

பி.எச்.ஐ. அப்போது பக்கத்து ஒழுங்கையில் ஒரு கிணற்றுக்குத் தூள் கரைத்துக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் கரைப்பதை நிறுத்தவில்லை. வாளியை முழுவதும் ஊற்றி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எங்கட கோயில் கிணத்துக்கும் இதைத்தான் போடுறன். சாமிக்கு அபிஷேகத்துக்கு அள்ளுற கிணறு. ஐயரும் மணக்குது எண்டு என்னோட சண்டை பிடிச்சவர். நீங்களும் பிடிச்சிருக்கலாம் காக்கா. சண்டை பிடிச்சிருந்தா ரெண்டு கரண்டியை ஒண்டாக்கியிருப்பன், நேரத்தை மாத்தியிருப்பன்."

மச்சானுக்கு வந்தது ஹவுளில் இருந்துதானா என்று கேட்டேன். அதைத் தவிர எனக்கு வேறு கேள்வி இல்லை.

"ஓம் எண்டும் சொல்ல ஏலாது. இல்லை எண்டும் சொல்ல ஏலாது," என்றார்.

மச்சான் பிழைத்தான். சேலைன் ஏற்றிப் பத்து நாளில் வீட்டுக்கு வந்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை அதுதான் பதில். மார்க்கமும் விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா என்று பெரிய ஆட்கள் விவாதிப்பதை வானொலியில் கேட்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியாது. என் ஊரில் அவை இரண்டும் ஒரு வாங்கில் இருந்து கதைத்து முடித்திருந்தன என்பது மட்டும் தெரியும். அதைக் கேட்டறியாமல் என் நெஞ்சுக்குள் இரண்டையும் மோதவிட்டவன் நான். அந்த மோதல் முழுதாக ஓய்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன்.

நான் உண்மையைச் சொன்னதற்கு அடுத்த நாள் காலையில் பி.எச்.ஐ. கொலராத் தடுப்பூசிப் பெட்டியோடு வந்தார். தூள் போடாத அந்த எட்டு நாளும் பள்ளியில் வுழூ எடுத்தவர்களின் வீடுகளைக் காட்டச் சொன்னார். லெப்பையும் கூட வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் சலாம் சொல்லி, செய்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். பிறகு பி.எச்.ஐ. வீட்டாருக்கு ஊசி போட்டார். ஒருவர் ஏசினார். ஒருவர், தானும் வீட்டில் வுழூ எடுத்துத் திருப்பித் தொழுததாக மெல்லச் சொன்னார். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன்.

"அடுத்தது ஆற்ற வீடு?" என்று கேட்டார் பி.எச்.ஐ.

அடுத்தது என் வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த மனைவி, உடுப்புக்கூட மாற்றாமல் குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மற்ற வாசல்களில் சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். பிள்ளைகள் மூன்று பேரையும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் போட்டாள்.

"நீங்க முதல்ல இருங்க," என்றாள். "பிள்ளையள் பாக்கட்டும்."