கருப்பட்டிக் காப்பிக்காரர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோழி கிளறியது போன்ற கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரணியல் ரயில் நிலையம் அருகே நான் காப்பி போடும் கடைக்கு ஒரு சர்க்கரை நோயாளி வருவார். சலவை வேட்டி, சந்தனப் பொட்டு. சீனி போட்டுச் சாயா குடிப்பவர்களைப் புழுவைப் போலப் பார்ப்பார்.

"சீனி விஷம் மக்கா. கருப்பட்டி மருந்தாக்கும்" என்றபடி நான்கு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிப்பார். இரண்டும் இனிப்புதானே, மூடரே என்று மனதுக்குள் மட்டும் திட்டுவேன். வாய் திறக்கக் கூச்சம்.

ஒருநாள் இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்த கட்டோடு வந்தார்.

"ஏலே, கருப்பட்டியில சீனி கலந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

இனிப்பே இல்லாத காப்பியை நீட்டினேன். ஒரு வாய் குடித்துத் துப்பினார். தன் மருந்தைத் தேடி, நொண்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனார். மிச்சமிருக்கும் விரல்களைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியது: ஐப்பசி ஐந்தாம் தேதி.