ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள்

பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை அவளுக்கு. ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர் 'நிமிஷம்'. என்னதான் கெஞ்சினாலும் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு உத்தியோகம், சம்பளமில்லாதது. இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒன்பது வருஷமாகக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாலம், பாசி, பழைய ரயில் நிலையம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 'மாபெரும்', 'ஒப்பற்ற' என்று எங்கே கண்டாலும் கீரையிலிருந்து புல்லைப் பொறுக்குவதுபோல எடுத்துப் போட்டுவிடுவாள். பிறர் செய்த மாற்றத்தை ஒரே சொடுக்கில் பழையபடி ஆக்கும் உரிமை போன வருஷம் கிடைத்தது. பணிமனையில் வந்த பதவி உயர்வைக்கூட அவள் இவ்வளவு பேரிடம் சொல்லவில்லை.

கீழ்வீட்டில் அக்கா குடும்பம், மாடியில் இவளும் கணவனும். அத்தான் நகரமன்ற உறுப்பினர். அவரைப் பற்றியும் கலைக்களஞ்சியத்தில் யாரோ எட்டு வரி எழுதிவைத்திருந்தார்கள். அதில் திடீரென்று ஒருநாள் 'ஏழைகளின் விடிவெள்ளி' முளைத்தது. எழுதியது 'வெள்ளைமனம்' என்ற புதுக் கணக்கு. இவள் வெட்டினாள், அது மறுபடி ஒட்டியது. ஒரே வாரத்தில் பதினான்கு முறை.

ஞாயிறு காலையில் கலைக்களஞ்சிய நிர்வாகியிடமிருந்து குறிப்பு வந்தது. இரண்டு கணக்கும் ஒரே இணைப்பிலிருந்து இயங்குகின்றன, ஒரே ஆள் இரண்டு முகமூடி போட்டு விளையாடுவதாகத் தெரிகிறது, மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் இரண்டும் முடக்கப்படும்.

மாடிக்கும் கீழுக்கும் ஒரே வைஃபைதான். அத்தானுக்குத் தட்டச்சு வராது. தடதடவென்று படியிறங்கினாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைமனம் நீதானா?"

"ஆமா. நான் எழுத எழுத ஒருத்தன் வெட்டிக்கிட்டே இருக்கான். எதிர்க்கட்சிக்காரனாத்தான் இருக்கணும், கட்டைல போறவன்."

"அது நான்தான்க்கா."

அக்காவின் கத்தி நின்றது. "அடிப்பாவி! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா?"

"விடிவெள்ளின்னு எழுதினா வெட்டாம? அத்தான் என்னைக்காவது ஒன்பது மணிக்கு முன்னாடி எந்திரிச்சிருக்காரா?"

உள்ளறையிலிருந்து அத்தானின் இருமல் கேட்டது.

அக்கா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, அதை வெட்டுன. தெருவுல சாக்கடை வாய்க்காலுக்கு மூடி போட்டதை ஏன்டி வெட்டுன? அதுக்காக ஒரு வருஷம் அலைஞ்சாரே. பேப்பர்ல வந்ததைக்கூடச் சேத்துப் போட்டிருந்தேன்."

மாடிக்குத் திரும்பிப் பழைய பதிவுகளைப் பார்த்தாள். செய்திச் சான்று இருந்தது. தேதி, பக்க எண் எல்லாம் சரி. வேறு எந்த உறுப்பினர் என்றாலும் விட்டுவைத்திருப்பாள். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது என்ற வீம்பில், அவர் நிஜமாகச் செய்ததையும் சேர்த்து வெட்டியிருக்கிறாள். அது மட்டுமா? உறவுக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது என்பது விதி. ஊருக்கெல்லாம் அவளே ஒப்பித்த விதி.

பின்னாலேயே வந்த அக்கா, "பொண்டாட்டிதான் எழுதினான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்டி. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நீ சொல்ல வேணாம். நான் மச்சினி, இன்னொரு கணக்கு அதே வீட்டுல வேற ஒரு சொந்தம்னு நானே எழுதுறேன்."

"அப்ப உன் கணக்கு?"

"போனாப் போகுது" என்றாளே தவிர, அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விளக்கத்தில் வாய்க்கால் வரியை வெட்டியது தன் தவறு என்றும் எழுதினாள். இரண்டாம் நாள் தீர்ப்பு வந்தது. கட்டுரையைப் பற்றி வாதாடும் பேச்சுப் பக்கத்தில் 'உனக்கு வேற பொழப்பு இல்லையா?' என்று வெள்ளைமனம் கேட்டிருந்ததையும், இவள் பதிலுக்கு விதி எண்களை அடுக்கியிருந்ததையும் நிர்வாகி படித்திருக்கிறார். தன்னைத்தானே இத்தனை மனமாரத் திட்டிக்கொள்ள யாராலும் முடியாது என்று எழுதியிருந்தார். கணக்கு பிழைத்தது. அந்த ஒரு சொடுக்கு உரிமை மட்டும் ஆறு மாதத்துக்குப் போயிற்று. அத்தான் கட்டுரையைத் தொட இருவருக்கும் தடை.

முன்பின் தெரியாத ஒருவர் கட்டுரையைச் சீர்செய்தார். வாய்க்கால் வரி திரும்பி வந்தது. கூடவே, மூடிகளில் பாதி அதே வருஷம் உடைந்துபோயின என்ற வரியும் வந்தது, சான்றோடு.

அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "பாத்தியா என்ன எழுதியிருக்கான்னு! வெட்டுடி அதை!"

"நான் தொடக் கூடாதுக்கா. தொட்டாலும் வெட்ட மாட்டேன். நம்ம வாசல்லயே ரெண்டு உடைஞ்சு கெடக்கு."

அக்கா திரையில் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தாள்.

"பாதின்னுதானே போட்டிருக்கான்? மீதிப் பாதி நிக்குதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.