கப்பலைச் சொன்னேன், கையைச் சொல்லவில்லை

நெய்வேலி குவார்ட்டர்ஸில் மஞ்சள் பையோடு யார் வந்தாலும் மைன்ஸ் வேலைக்குச் சிபாரிசு கேட்கத்தான் வருவார்கள் என்பது என் நினைப்பு. எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு பெரியவர் அப்படி வந்தபோதும், "இப்ப ஆள் எடுக்கலைங்க" என்று சொல்லி, அவர் நீட்டிய சீட்டைப் படிக்காமலேயே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

செகண்ட் ஷிஃப்டுக்குப் போகும் வழியில்தான் பிரித்தேன். என் தாத்தாவின் பெயர் இருந்தது.

யுத்த காலத்தில் ரங்கூனில் கப்பலேறிய தாத்தா ஊர் வந்து சேரவே இல்லை. அவர் செத்ததைப் பார்த்தவர்கள் யாருமில்லை. அதனால் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பா அவர் பெயரை மட்டும் சொல்லமாட்டார். ஒருவேளை உயிரோடு இருந்தால்?

ஷிஃப்டை விட்டுவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். மந்தாரக்குப்பத்தில் பெரியவர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"ஒரே கப்பல்ல வந்தோம் தம்பி. குண்டு வுழுந்து முழுகிடுச்சு. தண்ணியில உங்க தாத்தா என் கையப் புடிச்சிக்கினு இருந்தாரு. ரெண்டு பேருமே முழுகிடுவோம்னு நான்தான் உதறிட்டேன். இத்தினி வருசமா உங்க வூட்டத் தேடிக்கினு இருந்தேன்."

பஸ் வந்தது. ஏறுமுன் என் முகத்தையே பார்த்தார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த அமாவாசையில் அப்பா தாத்தாவின் பெயரை முதல்முறையாகச் சொல்லித் தண்ணீர் விட்டார். நான் அவரிடம் கப்பலைச் சொன்னேன், கையைச் சொல்லவில்லை.

இன்றும் அமாவாசை வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை.